பலாப் பிசினும் கார் கண்ணாடிப் பசையும்

சித்திரையில் ஒரு பழைய கார் வாங்கினேன். என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி. இன்ஜின் நன்றாக இருந்தது, டயர் இன்னும் ஒரு வருடம் தாங்கும், பெயிண்டில் இரண்டு மூன்று கீறல்கள்தான். கண்ணாடிகளைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் நான்கு கதவுக் கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார். வருடக்கணக்காக வெயிலில் வெந்து அது கத்தரிப்பூ நிறத்துக்கு வெளுத்துப்போய், அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தது. முன்கண்ணாடியில் அவருடைய ஃபாஸ்டாக், அதற்குப் பக்கத்தில் பாதி கிழிந்த இன்னொரு ஃபாஸ்டாக், ஆயில் மாற்றிய தேதி எழுதிய சர்வீஸ் ஸ்டிக்கர், எதையோ ஒட்டிவைத்திருந்த செல்லோ டேப்பின் மஞ்சள் தடம்.

ஃபிலிமை எடுத்தே ஆக வேண்டும். மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொல்லி, மே 4 முதல் நடைமுறைக்கு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். என் வண்டியில் இருந்தது எந்தக் கணக்கிலும் சேராத இருட்டு. சட்டத்தை விடுங்கள், இரவில் பக்கத்துக் கண்ணாடி வழியாக சைடு மிரரைப் பார்த்தால் பின்னால் வருவது லாரியா பைக்கா என்றே தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஆரம்பித்தேன். மூலையில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால், ஃபிலிம் சர்ரென்று ஒரே இழுப்பில் கையோடு வந்தது. இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டுக் கண்ணாடியைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. ஃபிலிம் மட்டும்தான் வந்திருந்தது. அதன் பசை முழுக்கக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. சாம்பல் நிறத்தில், புகை படிந்ததுபோல, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒரே சீராக.

அப்போது ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன், அதுவும் தற்செயலாக. கண்ணாடியை இறக்க ஸ்விட்சை அழுத்தினேன். அரை அங்குலம் இறங்குவதற்குள் ரப்பர் பீடிங் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. உடனே நிறுத்திவிட்டேன். பசை போகும்வரை கண்ணாடியை இறக்கவே கூடாது. இறக்கினால் அந்தப் பசை பீடிங்கிலும், கதவுக்குள் கண்ணாடி ஓடுகிற பள்ளத்திலும் ஏறிக்கொள்ளும். பிறகு ரோட்டுப் புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டும். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் கண்ணாடி திணறும், மோட்டாருக்கும் பாரம்.

அடுத்து செய்தது தவறு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து, சோப்பு நீரில் நனைத்து, ஒரு மூலையில் தேய்த்தேன். பசை போகிறதுபோலத்தான் இருந்தது. நார் முழுக்கக் கறுப்பாக உருண்டு உருண்டு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் மேற்கு வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது: தேய்த்த இடம் முழுக்க வட்ட வட்டமாகச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்கள். கண்ணாடியைக் கீறுவதில் கம்பியின் பங்கு பாதி என்றால், பசையில் ஒட்டியிருக்கும் மணல் துகளின் பங்கு மீதி. மணல் கண்ணாடியைவிடக் கெட்டியானது. தூசியைக் கழுவாமல் எதை வைத்துத் தேய்த்தாலும், கண்ணாடிமேல் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. எதிரில் வண்டி வரும்போது அந்த மூலையில் வெளிச்சம் சிதறுகிறது.

வைகாசியில் பொள்ளாச்சி போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அம்மா பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் அரிவாள்மனையில் தேங்காய் எண்ணெய் தடவினார், பிறகு இரண்டு கைகளிலும் முழங்கைவரை. நான் கார் பசைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோப்பு, ஷாம்பு, சுடுதண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஏன் கண்ணு, பலாப்பால் என்னைக்குத் தண்ணிக்குப் போயிருக்குது? எண்ணெய் தொட்டாத்தானே போகும். அதும் பிசின்தான், இதும் பிசின்தானே?"

அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதிலிருந்து கண்ணெதிரே பார்த்ததுதான், காரோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டின் ஸ்டிக்கரை அடுப்பு அனலில் காட்டி உரிப்பார். மிச்சத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துணியால் உருட்டுவார். சூடும் எண்ணெயும். கார் கண்ணாடிக்கும் இந்த இரண்டுதான் மருந்து, அளவும் பக்குவமும் மட்டும் வேறு.

ஃபிலிம், ஸ்டிக்கர் வகைகளில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது ரப்பர் சேர்ந்த பசை. அழுத்தினால் ஒட்டுகிற ரகம், தண்ணீரில் கரையாது. எண்ணெய்த் தன்மை உள்ள எதுவும் மெல்ல உள்ளே இறங்கி அதை ஊதவைக்கும். ஊறிய பசைக்குக் கண்ணாடியைப் பிடிக்கிற பலம் குறைந்துவிடும். இதற்கு வேண்டியது நேரம். கையின் பலத்தைக் காட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடிக்கோ அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கோ ஏதாவது சேதம் வரும். எனக்கு இரண்டு முறை வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தேங்காய் எண்ணெயில் சோதித்தேன். விலைச் சீட்டு, காகித ஸ்டிக்கர் போன்றவற்றின் பசைக்கு அது போதும். பத்து வருட ஃபிலிம் பசைக்கு மிகவும் மெதுவாக வேலை செய்தது. வீட்டில் சளிக்கு ஆவி பிடிக்க வைத்திருந்த நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் பசை வெள்ளையாகப் பொங்கி, விரல் வைத்தால் நகர்ந்தது. அதிலிருந்து என் பெட்டியில் நீலகிரித் தைலம்தான் முதல் ஆள். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வரலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அதைக் குழந்தைகள் தெரியாமல் ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து, வேலை முடிந்ததும் மேலே தூக்கி வைத்துவிட வேண்டும். இன்னொன்று, சில பிளாஸ்டிக்கை அது மங்கச் செய்யும். கதவுப் பலகையில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

கதவுக் கண்ணாடி செங்குத்தாக நிற்பது ஒரு தொல்லை. எண்ணெயைத் தடவினால் பசையில் இறங்குவதற்கு முன் வழிந்து கீழே போகிறது. வழிந்தது பீடிங்கில் இறங்கும், பவர் விண்டோ ஸ்விட்சுக்குள் இறங்கும். நான் செய்தது இப்படி. முதலில் வெறும் சோப்பு நீரில் கண்ணாடியைக் கழுவி மணலைப் போக்கினேன். கதவுப் பலகையின் மேல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பால் பழைய துண்டு ஒன்றை ஒட்டி, ஸ்விட்சுகளைப் பிளாஸ்டிக் கவரால் மூடினேன். பிறகு டிஷ்யூ பேப்பரைக் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் தைலமும் தேங்காய் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்ததைப் பஞ்சால் ஒற்றினேன். நனைந்த டிஷ்யூ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயை வழியவிடாமல் பிடித்துக்கொள்ளும். நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்த்தேன். தனியாகத் தைலம் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் ஈரம் நிற்கிறது. இது நானாகக் கண்ட பக்குவம்.

டிஷ்யூவை எடுத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மேலிருந்து கீழாகத் தள்ளினேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது முதுகில் அழுக்கு திரண்டு வருமே, அதே மாதிரி பசை திரிதிரியாகத் திரண்டு உருண்டு வந்தது. கார்டின் ஓரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு சாம்பல் நிறத் திரி. அதை ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பசையை மறுபடி கண்ணாடியிலேயே பூசுவோம். வராத இடத்தில் அழுத்தவில்லை. இன்னொரு டிஷ்யூ, இன்னொரு கால் மணி நேரம். ஒரு கதவுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நான்கு கதவையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். முதுகுவலியைத் தவிர நஷ்டம் இல்லை.

தின்னர் போட்டால் ஐந்து நிமிட வேலை என்று பலர் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியில் அப்படித்தான் செய்தார். பசை உடனே கரைந்தது உண்மை. கரைந்து ஒழுகிய தின்னர் கதவுப் பலகையில் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் உருகி, மெழுகுவர்த்தி வடிந்ததுபோலக் கோடு விழுந்துவிட்டது. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனும் அதே வேலையைச் செய்யும். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பது பல பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. அதை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்கூட நம் ஊர் வெப்பத்தில் எளிதில் தீப்பற்றும் ஆவியை விடுவதுதான். எதைத் தொட்டாலும் கதவுகள் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஊதுபத்தியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

முன்கண்ணாடி வேறு ரகம். கதவுக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி, சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்துக் கெட்டியாக்கியது, உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது, உடைந்தாலும் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். இரண்டுக்கும் கொதிநீர் ஆகாது. குறிப்பாக முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி ஏதும் இருந்தால், அதன் அருகே ஹேர் டிரையர்கூடக் காட்டாதீர்கள். சூட்டில் அந்தப் புள்ளி கோடாக ஓடிவிடும். வண்டி ஏசியில் குளிர்ந்திருக்கும்போது சூடு காட்டுவதும் கூடாது.

ஃபாஸ்டாக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் இந்த வேலை உண்டு. 2021 பிப்ரவரி 16 முதல் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு கைமாறும் பெரும்பாலான கார்களில் முந்தைய உரிமையாளரின் டேக் ஒன்று ஒட்டியிருக்கும். உரிக்கத் தொடங்கும் முன் அவரைக் கூப்பிட்டு அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள். உரித்த டேக்கை மறுபடி பயன்படுத்த முடியாது. உரிக்கும்போது உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழியும்படிதான் செய்திருக்கிறார்கள். அதனால்தான் அது முழுதாக வராமல் ஏடு ஏடாகப் பிய்ந்து வருகிறது. என் வண்டியில் கிழிந்து கிடந்ததும் அப்படி யாரோ அவசரத்தில் இழுத்ததுதான்.

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டியபடி ஒரு நிமிடம் காட்டினேன். கை பொறுக்கிற சூடு. மூலையில் கார்டைக் கொடுத்து, இழுக்கிற பக்கத்தைக் கண்ணாடியோடு படிந்தாற்போல மடக்கி மெதுவாக இழுத்தால், பசையும் சேர்ந்து வருகிறது. செங்குத்தாகத் தூக்கி இழுத்தால் காகிதம் வரும், பசை நிற்கும். வேகமாக இழுத்தாலும் அதே கதிதான். கதவில் அந்தக் கறுப்பு ஃபிலிமை ஒரே இழுப்பில் உரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இங்கேதான் புரிந்தது. சூடு காட்டி, விநாடிக்கு ஒரு விரல் அகலம் என்று பொறுமையாக இழுத்திருந்தால், பசையில் பாதி ஃபிலிமோடே வந்திருக்கும்.

செல்லோ டேப்பின் மஞ்சள் தடம் கெட்டியாக, நகத்தில் உதிர்கிற பதத்தில் இருந்தது. எண்ணெயும் சூடும் போட்டும் அசையவில்லை. அங்கே மட்டும் பிளேடு. புதுப் பிளேடு, பிடியோடு கிடைக்கும் ஸ்க்ரேப்பரில் மாட்டியது. கண்ணாடி முழுக்கச் சோப்பு நீர், பிளேடைக் கண்ணாடியோடு நன்றாகச் சாய்த்து, முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் பிளேடின் அடியில் மாட்டிய துகள் கோடு போட்டுக்கொண்டே வரும். ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளி வரிசைமேல் பிளேடு போகக் கூடாது. டாஷ்போர்டை ஈரம் இறங்காதபடி துண்டு போட்டு மூடியிருந்தேன். இரண்டு நிமிடத்தில் மஞ்சள் தடம் போய், கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை.

அந்த இரண்டு நிமிட வெற்றி எனக்குத் தைரியம் கொடுத்தது. மிச்சம் பின்கண்ணாடி மட்டும்தான். மேல் பாதியில் ஃபிலிமை உரித்துவிட்டேன், வழக்கம்போல் பசை நின்றது. அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டியதற்கு, நேரே பிளேடை எடுத்தேன். பின்கண்ணாடியில் குறுக்காகப் பழுப்பு நிறக் கோடுகள் ஓடுகின்றனவே, அவை கண்ணாடிக்குள் பதித்த கம்பிகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிளேடு மூன்று முறை மேலும் கீழும் போனது. நான்காவது முறை துடைத்தபோது பிளேடின் விளிம்பில் சாம்பல் பசையோடு செம்பழுப்பாகக் கொஞ்சம் தூள். பழைய பசை என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். நின்று ஒரு நிமிடம் அதைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. நல்லவேளை, அன்று மழை தூறி வேலையைப் பாதியில் நிறுத்தினேன்.

ஆடி மாதம் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது, மேலே போகப் போகப் பனிமூட்டம். உள்ளே ஐந்து பேர் மூச்சு, பின்கண்ணாடி முழுக்கப் பால் பூசியதுபோல் மூடிவிட்டது. பின்கண்ணாடிக் கோடுகளைச் சூடாக்கி மூட்டத்தைப் போக்கும் டீஃபாகரைப் போட்டேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணாடி கோடு கோடாகத் தெளிந்தது, கீழ்ப் பாதியில். மேலே மூன்று கோடுகளைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை அப்படியே நின்றது. கண்ணாடியில் என் பார்வை போகிற உயரம் அதுதான். பின்னால் ஒரு அரசுப் பேருந்து ஒட்டி வருவது ஹாரன் அடித்த பிறகுதான் தெரிந்தது. அந்த வளைவில் ஒதுங்கி வழி விட்ட நேரத்தில் என் கை நடுங்கியது. பிளேடு விளிம்பில் பார்த்த செம்பழுப்புத் தூள் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்ததும் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டியவர். வண்டியை ஆன் செய்யச் சொல்லி, டீஃபாகரைப் போட்டு, மல்டிமீட்டரின் முள்ளைக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். மீட்டரில் 12ஐ ஒட்டியே நின்ற எண் ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யமானது. அங்கே மார்க்கரால் கண்ணாடிக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தார். கண்ணுக்கே தெரியாத வெட்டு, பிளேடின் முனை போன தடம்.

"இது கம்பி இல்லீங்க அம்மிணி. வெள்ளி கலந்த மை. கண்ணாடி மேலயே பூசிச் சுட்டது. உள்பக்கம் தொட்டுப் பாருங்க, மேடு தட்டுப்படும்."

விரலால் தடவினேன். பத்து வருடமாக அந்த மேடு அங்கேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு கோடும் தனித்தனிப் பாதை என்றும், ஒரு மயிரிழை வெட்டுப்பட்டாலும் அந்தக் கோடு முழுக்கச் செத்துவிடும், மற்றவை ஓடும் என்றும் சொன்னார். சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவும் இதே கண்ணாடியில்தான் கோடாக ஓடுமாம்.

வெட்டைச் சுற்றி ஸ்பிரிட்டில் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பை ஒட்டினார். நடுவில் கோட்டின் அகலத்துக்கு மட்டும் இடைவெளி. அதில் வெள்ளி மையைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. டேப்பை உரித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க டீஃபாகரைப் போடக் கூடாது என்றார். மூன்று கோட்டில் நான்கு வெட்டுகள். ஒரு மணி நேரம் குனிந்தபடியே செய்தார். கீழ்ப் பாதி ஃபிலிம் இன்னும் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"வெயிலுக்குக் குடுங்க. அது உங்களவிட நல்லா உரிக்கும். பிளேடு பக்கமே போகாதீங்க. துணியக்கூட கோடு போற திசையிலயே ஓட்டோணும், குறுக்க ஓட்டப்படாது."

அவர் சொன்னபடியே அடுத்த வெயில் நாளில் செய்தேன். ஃபிலிமின் மேல் சோப்பு நீரை ஸ்பிரே பாட்டிலால் நன்றாக அடித்து, பெரிய கறுப்புக் குப்பைப் பையைப் பிரித்து அதன்மேல் படியவைத்தேன். சோப்பு ஈரத்தில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். பின் சீட்டை மடக்கி, பார்சல் தட்டைக் கழற்றி, கீழே பழைய பெட்ஷீட் போட்டிருந்தேன். வண்டியின் முதுகு வெயிலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, மதியம் 12 மணி முதல் 2 மணிவரை தொடவே இல்லை. கறுப்புப் பை வெயிலைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டைச் சோப்பு ஈரத்தோடு ஃபிலிமுக்குக் கொடுக்கிறது. இரண்டு மணிக்குப் பையை எடுத்து, ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் தூக்கினேன். இந்த முறை அது சர்ரென்று வரவில்லை. வெண்ணெய்க் காகிதம் உரிகிறதுபோல, சத்தமில்லாமல், பசையையும் கூட்டிக்கொண்டு வந்தது. கோடுகளின் திசையிலேயே, இடமிருந்து வலமாக இழுத்தேன். ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடியில் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். அதற்கு எண்ணெய் டிஷ்யூ, பிறகு கார்டுகூட வேண்டாமென்று விரல் நுனியில் துணியைச் சுற்றிக் கோட்டின் போக்கிலேயே உருட்டி எடுத்தேன். மேல் பாதியில் நின்றுபோயிருந்த பசையையும் இதே முறையில்தான் எடுத்தேன். வெள்ளி மை பூசிய நான்கு இடங்களை மட்டும் தொடவில்லை. அங்கே சற்றே கறை தெரிகிறது, இருக்கட்டும்.

இதே வெயில் முறையில் சோப்பு நீருக்குப் பதிலாக அமோனியாவை அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. மூடிய வண்டிக்குள், நம் ஊர் வெயிலில், அந்த ஆவி கண்ணையும் மூச்சையும் என்ன செய்யும் என்று நினைத்தாலே பதறுகிறது. சோப்பு நீரே போதுமானதாக இருந்தது. துணிக்கு ஆவி கொடுக்கும் ஸ்டீமர் வைத்திருப்பவர்கள் வெயில் இல்லாத நாளில் அதைப் பயன்படுத்தலாம், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல்.

பசை போனதும் வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கதவுக் கண்ணாடிகளை முடித்த அன்று இரவு பல்லடம் ரோட்டில் போனபோது, எதிர் வண்டிகளின் விளக்கு ஒவ்வொன்றும் பக்கக் கண்ணாடியில் பூவாக விரிந்து கண்ணைக் குத்தியது. எண்ணெய்ப் படலம் மிச்சம் இருந்திருக்கிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டு முறை கழுவினேன். அதன்பின் மருந்துக் கடை ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒரு முறை, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் கடைசியாக ஒரு முறை. ஸ்பிரிட்டைக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது, துணியில்தான் தொட வேண்டும். கையில் தடவும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் இருக்கும் கிளிசரின் மறுபடி படலம் விடும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி, கண்ணாடியில் வாயால் ஒரு முறை ஹா என்று ஊதுவது. மூச்சு சீராகப் படிந்து சீராக மறைந்தால் சரி. தீற்றல் தீற்றலாகத் தெரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அதன் பிறகே கதவுக் கண்ணாடிகளை முதன்முறையாகக் கீழே இறக்கினேன். ரப்பர் முனகவில்லை.

பதினோரு வயது மகள் இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள். டிஷ்யூ ஒற்றியதில் பாதி அவள் வேலைதான். வண்டி பளிச்சென்று ஆனதும் பின் கதவுக் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டட்டுமா என்று கேட்டாள். பசையே இல்லாமல், ஈரத்தில் தானாகப் படிந்து நிற்கிற ரகம் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுத்தேன். வேண்டாமென்றால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிறது. புதிய ஃபாஸ்டாக்கை மட்டும் முறையாக, ஸ்பிரிட்டில் துடைத்துக் காய்ந்த கண்ணாடியில், ரியர் வியூ மிரருக்குப் பின்னால் நடுவில் ஒட்டினேன்.

ஐப்பசியில் மறுபடி வால்பாறை ஏறினோம். இந்த முறையும் மழைதான், இந்த முறையும் ஐந்து பேர். டீஃபாகரைப் போட்டுவிட்டு மிரரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கீழிருந்து பனி விலகிக்கொண்டே வந்தது. வெள்ளி மை பூசிய மூன்று கோடுகளில் இரண்டு மற்றவற்றோடு சேர்ந்தே தெளிந்தன. நடுக்கோடு மட்டும் ஒரு நிமிடம் பிந்தி, மெல்லத் தெளிந்து, பின்னால் வந்த ஜீப்பின் மஞ்சள் விளக்கைக் காட்டியது.